ஸ்லீப்பா, ஹைபர்னேட்டா, ஷட்டவுனா: பைக்குள் போகும் லேப்டாப்புக்கு எது சரி?

லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தால் கெட்டுப்போகுமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் குலுங்கலை நினைத்துத்தான் கேட்கிறார்கள். அந்தப் பயம் சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தில் நியாயமானது. 2.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது தாங்கும் அதிர்ச்சி பொதுவாக 350 முதல் 400 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு). அது நின்று, ஹெட் (தரவைப் படிக்கும் முனை) ஒதுங்கிவிட்டால் 800 முதல் 1000 ஜி வரை தாங்கும். ஸ்லீப்பில் டிஸ்க் நின்றுவிடும் என்பதால், மூடிய பிறகு பத்துப் பதினைந்து விநாடி பொறுத்துத் தூக்கினால் பழைய மெஷினுக்கும் ஆபத்தில்லை. எஸ்எஸ்டி உள்ள மெஷினில் அசையும் தட்டே கிடையாது. இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இன்றைய ஆபத்து வேறு. மூடியை மூடிவிட்டோம், தூங்கிவிட்டது என்று நம்பிப் பைக்குள் வைக்கிறோம். உள்ளே அது தூங்காமலே இருக்கிறது, அல்லது நடுவழியில் விழித்துக்கொள்கிறது. காற்றுப் போக வழியில்லாத இடத்தில் ஃபேன் சுற்றி, சூடேறி, பேட்டரி தீர்ந்து அணைகிறது. எந்த முறை நல்லது என்பதை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஸ்லீப் என்ற ஒரே பெயரில் இரண்டு முறைகள்

பழைய ஸ்லீப்பின் பெயர் எஸ்3. இதில் ப்ராசஸர், டிஸ்க், திரை, ஃபேன் எல்லாம் நின்றுவிடும். திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். புதியது மாடர்ன் ஸ்டாண்ட்பை. விண்டோஸ் 8-இல் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று அறிமுகமாகி, விண்டோஸ் 10-இல் இந்தப் பெயருக்கு வந்தது. இதில் மெஷின் அணைவதே இல்லை. போனைப் போலத் திரையை அணைத்துவிட்டு மிகக் குறைந்த மின்சாரத்தில் காத்திருக்கும். இடையிடையே நெட்வொர்க்கைத் தொடும், மெயில் எடுக்கும். எல்லா டிரைவரும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஒழுங்காக இருந்தால் அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு டிரைவரோ ஆப்போ அடங்க மறுத்தாலும் ப்ராசஸர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகாது.

உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ஸ்லாஷ் ஏ சேர்த்து (powercfg /a) ஓடவிடுங்கள். 'ஸ்டாண்ட்பை (எஸ்3)' என்று வந்தால் பழைய வகை. 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தால் புதிய வகை. பெரும்பாலான மெஷின்களில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். சில மாடல்களின் பயாஸில் (மெஷின் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) மட்டும் மாற்றிக்கொள்ள இடமுண்டு.

கணக்கைப் பாருங்கள். பேட்டரி 50 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்கான எஸ்3 மெஷின் அரை வாட் இழுத்தால் மணிக்கு 1 சதவீதம் குறையும். நாலு நாள் தாங்கும். மாடர்ன் ஸ்டாண்ட்பை நன்றாக நடந்தால் இதே அளவில் நிற்கும். ஏதோ ஒன்று அடங்காமல் 3 வாட் இழுத்தால் மணிக்கு 6 சதவீதம்; இரவு பத்து மணிக்கு மூடி வைத்தது காலை எட்டு மணிக்கு 60 சதவீதம் இழந்திருக்கும். முழுதாக விழித்து 15 வாட்டில் ஓடினால் மூன்றரை மணி நேரத்துக்குள் காலி. அந்த 15 வாட்டும் பைக்குள் வெறும் சூடாகத்தான் மாறுகிறது. லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காதது அதுதான். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து இருந்தால், இழந்த கொள்ளளவு திரும்ப வராது.

பைக்குள் ஏன் விழிக்கிறது

முதல் காரணம், பலர் கவனிக்காத ஒன்று. மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு விண்டோஸில் இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு: பேட்டரியில் ஓடும்போது ஒன்று, சார்ஜர் போட்டிருக்கும்போது ஒன்று. வெளி மானிட்டர் வைத்து வேலை செய்பவர்கள் இரண்டாவதை 'டூ நத்திங்' என்று வைத்திருப்பார்கள். சார்ஜரோடு மூடியை மூடிவிட்டுப் பிறகு வயரை உருவினால், மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனவே முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், அப்புறம் மூடுங்கள். இந்த வரிசையை மட்டும் கைப்பழக்கமாக்கிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது மவுஸ். வயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவர் யூஎஸ்பியில் செருகியபடியே இருக்க, மவுஸும் அதே பையில் கிடந்து உருண்டால், ஒவ்வொரு உருளலும் மெஷினை எழுப்பும் அழைப்புதான். டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடலாம். மாடர்ன் ஸ்டாண்ட்பை மெஷின்களில் சில சமயம் அந்தப் பகுதியே தென்படாது; அப்போது ரிசீவரைப் பிடுங்குவதுதான் வழி. துருத்தி நிற்கும் ரிசீவர் இடிபட்டு யூஎஸ்பி போர்ட் உடையாமலும் இருக்கும். புளூடூத் மவுஸ் என்றால் அடியில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, மூடி. மூடியிருப்பதை மெஷின் அறிவது பெரும்பாலும் ஒரு காந்தத்தாலும் அதை உணரும் ஹால் சென்சாராலும். இறுக்கமாக அடைத்த பையில் மூடி லேசாக நெளிந்து விலகினாலும், காந்தக் கொக்கி வைத்த உறையோ போன் கவரோ ஒட்டி உரசினாலும், சென்சார் ஏமாறலாம்.

மிச்சம், குறித்த நேரத்தில் மெஷினை எழுப்பும் நேரக் கட்டளைகள்: அப்டேட், பேக்கப், ஸ்கேன். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், ஸ்லீப் என்பதன் கீழ் 'அலவ் வேக் டைமர்ஸ்' இருக்கும். 'ஆன் பேட்டரி' என்பதை டிசேபிள் செய்யுங்கள். விழித்தது எதனால் என்று தெரிய, அதே பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு லாஸ்ட்வேக் (powercfg /lastwake) என்று போட்டால் கடைசியாக எழுப்பியவர் யார் என்று சொல்லும். மாடர்ன் ஸ்டாண்ட்பைக்கு ஸ்லீப்ஸ்டடி (powercfg /sleepstudy) என்று போட்டால், எந்த நேரத்தில் எந்த டிரைவர் எவ்வளவு இழுத்தது என்று முழு அறிக்கை வரும். இதற்கு அட்மின் உரிமை வேண்டும்.

ஹைபர்னேட்: பைக்கு ஏற்றது

ரேமில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் அணைந்துவிடுகிறது. மவுஸ் உருண்டாலும் மூடி நெளிந்தாலும் பொதுவாக எதுவும் நடக்காது, சூடு இல்லை, பேட்டரி தீர்ந்தாலும் திறந்து வைத்த வேலை அழியாது. ஸ்லீப்பில் பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடக்கூடும். திரும்ப எழ எஸ்எஸ்டி மெஷினுக்குப் பத்து, இருபது விநாடி ஆகும். பைக்குள் வைக்கும் மெஷினுக்கு அந்த இருபது விநாடி ஒரு விலையே அல்ல.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று தயங்குபவர்களுக்கு: ஒரு முறைக்கு 6 ஜிபி எழுதுகிறது, நாளுக்கு இரண்டு முறை என்றாலும் வருடத்துக்கு 4.4 டிபிதான். 512 ஜிபி எஸ்எஸ்டிகளுக்கு 150 டிபி, 300 டிபி என்ற அளவில் எழுதும் வரம்பு தருகிறார்கள். தயங்க வேண்டியதில்லை.

விண்டோஸ் மெனுவில் ஹைபர்னேட் இல்லையென்றால்: கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பக்கம். தற்போது மாற்ற முடியாத அமைப்புகளைத் திறக்கும் இணைப்பை அழுத்தி, ஹைபர்னேட்டை டிக் செய்யுங்கள். அதே பக்கத்தில் மூடியை மூடினால் பேட்டரியில் ஹைபர்னேட் என்று வைத்துவிடலாம். ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அது தொந்தரவு. அவர்கள் மூடிக்கு ஸ்லீப் வைத்து, அட்வான்ஸ்டு பகுதியில் 'ஹைபர்னேட் ஆஃப்டர்' என்பதை 20 அல்லது 30 நிமிடமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கையில் நேரமிருந்தால் பைக்குள் வைக்கும் முன் நேரடியாக ஹைபர்னேட் கொடுப்பதே மேல். அந்த முப்பது நிமிடத்துக்குள் விழித்தால் கணக்கு தவறிவிடும்.

ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: விண்டோஸ் ஹைபர்னேட்டில் இருக்கும்போது லினக்ஸில் நுழைந்து விண்டோஸ் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையும்.

மேக்புக்கில் இவ்வளவு பாடு இல்லை. ஸ்லீப்பிலேயே கவனமாக இருக்கும். பேட்டரி அமைப்புகளில் நெட்வொர்க்குக்காக விழிப்பதை 'நெவர்' என்று வைத்தால் போதும். லினக்ஸில் ஹைபர்னேட்டுக்குப் போதிய ஸ்வாப் இடம் (ரேமில் இருப்பதை எழுதிவைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் பகுதி) வேண்டும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும்போது பல லினக்ஸ் வகைகளில் ஹைபர்னேட் தடுக்கப்பட்டிருக்கும்.

ஷட்டவுன் எப்போது

விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் லேப்டாப்பை வைத்தே ஆக வேண்டுமென்றால் ஷட்டவுன் மட்டுமே. ஸ்லீப்பும் கூடாது, ஹைபர்னேட்டும் கூடாது என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. கையோடு எடுத்துச் செல்வதே நல்லது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (வேகமாகத் தொடங்கும் வசதி) இயங்கினால் ஷட்டவுனிலும் ஒரு பகுதி டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். முழுதாக அணைய ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள்.

திருட்டு பயம் உள்ள இடத்திலும் ஸ்லீப் பின்தங்குகிறது. டிஸ்க்கை என்கிரிப்ட் (மறையாக்கம்) செய்திருந்தாலும், ஸ்லீப்பில் அதன் திறவுகோல் ரேமிலேயே இருக்கும். ஹைபர்னேட்டும் ஷட்டவுனும் அதை ரேமிலிருந்து அகற்றிவிடும். விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரில் தொடக்கத்திலேயே பின் எண் (PIN) கேட்கும்படி வைத்தால் இந்தப் பாதுகாப்பு முழுமையாகும்.

எந்த முறையானாலும் சார்ஜர் கட்டியை மூடியின் மேல் அழுந்தும்படி வைக்காதீர்கள். திரையில் கீபோர்டு தடம் பதியும், சில சமயம் பேனலிலேயே விரிசல் விழும். பையில் வைக்கும் முன் ஃபேன் சத்தம் நின்றதா என்று காது கொடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அடிப்பாகத்தைத் தொட்டால் சூடு ஏறாமல் இறங்கியிருக்க வேண்டும். இதற்கும் மேல் உங்கள் மெஷினின் ஸ்லீப்பை நம்பலாமா என்று அறிய, ஓர் இரவு சார்ஜர் இல்லாமல் ஸ்லீப்பில் விட்டு சதவீதத்தைக் குறித்துப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் பத்துக்குள் குறைந்தால் சிறு தூரங்களுக்கு நம்பலாம். இருபதைத் தாண்டினால் ஸ்லீப்ஸ்டடி அறிக்கையில் முதலிடத்தில் இருக்கும் டிரைவரைப் புதுப்பித்து, மறுபடி இதே சோதனையைச் செய்யுங்கள். அதுவரை பைக்குள் ஹைபர்னேட் மட்டும்தான்.