அலுவலகக் கணினிகளில் இயல்புநிலை மின்னஞ்சல் கணக்கைச் சரிசெய்தல்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இங்கே ஒவ்வொரு மெர்ச்சண்டைசருக்கும் (வாடிக்கையாளரின் ஆர்டரைக் கவனிக்கும் பணியாளருக்கும்) சொந்த முகவரி ஒன்று இருக்கும். அதற்கு மேல், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொது முகவரி உண்டு. பழைய ஐமேப் கணக்கு (சர்வரிலுள்ள அஞ்சலைப் படிக்கும் பொதுவான முறையில் இயங்கும் கணக்கு) ஒன்றிரண்டும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட சூழலில் மைக்ரோசாஃப்டின் அஞ்சல் செயலியான அவுட்லுக்கின் இயல்புநிலைக் கணக்கு (நாம் வேறு எதையும் தேர்ந்தெடுக்காதபோது பயன்பட வேண்டிய கணக்கு) எப்படி நடந்துகொள்கிறது, அதை எங்கே சரிசெய்தால் நிலைக்கிறது என்பதை இங்கே பகிர்கிறேன். விண்டோஸ் சர்வரும் டொமைனும் (எல்லாக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பும்) உள்ள அலுவலகங்களுக்கே இது முழுமையாகப் பொருந்தும்.

அடிக்கடி வரும் புகார், கடிதம் தவறான முகவரியிலிருந்து போய்விட்டது என்பதுதான். உடனே எல்லோரும் ஃபைல் மெனுவிலுள்ள 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்து, சரியான கணக்கைத் தேர்ந்தெடுத்து, 'செட் ஆஸ் டிஃபால்ட்' பொத்தானை அழுத்துகிறார்கள். மறுநாளும் அதே புகார் வரும். காரணம், புதிய கடிதம் எழுதும்போது அவுட்லுக் இயல்புநிலைக் கணக்கை முதலில் பார்ப்பதில்லை. பயனர் அந்த நேரத்தில் எந்தக் கணக்கின் கோப்புறையைத் திறந்து வைத்திருக்கிறாரோ அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறது. வீட்டில் இரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு இது வசதியான ஏற்பாடு. நாள் முழுவதும் பல இன்பாக்ஸ்களுக்கிடையே தாவிக்கொண்டிருக்கும் அலுவலகப் பணியாளருக்கோ இது பொறி. 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'மெயில்' பக்கத்தின் கீழே, புதிய கடிதங்களுக்கு எப்போதும் இயல்புநிலைக் கணக்கையே பயன்படுத்து என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் டிக் போட்டாலொழிய முதலில் சொன்ன பொத்தானால் பாதிப் பயனே கிடைக்கும். பதில் கடிதங்கள், கடிதம் எந்தக் கணக்கிற்கு வந்ததோ அதிலிருந்தே போகும். அது சரியான நடத்தை என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

அதே 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'டேட்டா ஃபைல்ஸ்' என்ற இன்னொரு தாவலும், அதற்கெனத் தனியாக ஒரு இயல்புநிலைப் பொத்தானும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கடிதம் எந்த முகவரியிலிருந்து போகும் என்பதை இது தீர்மானிப்பதில்லை. புதிதாகப் பதியும் சந்திப்புகளும் பணிகளும் தொடர்பு விவரங்களும் எந்தக் கோப்பில் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஐமேப் கணக்கின் கோப்பு இங்கே இயல்புநிலையாகிவிட்டால், நாட்காட்டியின் பெயரோடு 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்ற சொற்கள் சேர்ந்துகொள்ளும். அதில் பதிந்த ஏற்றுமதித் தேதிகள் சர்வருக்கும் போகாது, கைப்பேசிக்கும் வராது, அந்தக் கணினி பழுதானால் அவையும் போய்விடும். தவறான முகவரியிலிருந்து கடிதம் போனால் அன்றே யாராவது கேட்டுவிடுவார்கள். நாட்காட்டி தவறான கோப்பில் சேர்வது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஆகையால் இரண்டில் இதையே பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். மாற்றிய பிறகு அவுட்லுக்கை மூடித் திறந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

வாடிக்கையாளருக்கான பொது முகவரிகளைப் பணியாளரின் கணக்குப் பட்டியலில் தனிக் கணக்காகச் சேர்ப்பதைவிட, மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சில் பகிர்வு அஞ்சல்பெட்டியாக வைத்து அனுமதி மட்டும் கொடுப்பது நல்லது. கடவுச்சொல் பலர் கைக்குப் போகாது. யார் வேலையை விட்டுப் போனாலும் அனுமதியை நீக்கினால் போதும். ஆனால் அந்த முகவரியின் பெயரில் அனுப்பிய கடிதத்தின் நகல், சர்வரில் அதற்கான அமைப்பை மாற்றாதவரை, அனுப்பியவரின் சொந்த 'சென்ட்' கோப்புறையில்தான் கிடக்கும். அவர் விடுப்பில் இருக்கும்போது மற்றவர் தேடினால் கிடைக்காது என்பதால், பகிர்வு அஞ்சல்பெட்டியை உருவாக்கும் நாளிலேயே இதையும் மாற்றிவிட வேண்டும்.

ஒருவர் விலகி இன்னொருவர் அதே கணினிக்கு வரும்போது, பழைய ப்ரொஃபைலை (அவுட்லுக்கின் கணக்குகளும் அமைப்புகளும் அடங்கிய தொகுப்பை) திருத்திப் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதன்மை எக்ஸ்சேஞ்ச் கணக்கை, வேறு கணக்குகள் உடனிருக்கையில் நீக்க அவுட்லுக் மறுத்துவிடும். கன்ட்ரோல் பேனலின் 'மெயில்' பகுதியில் புதிய ப்ரொஃபைலை உருவாக்கி, எப்போதும் அதையே திறக்கும்படி அமைப்பதே குறுக்குவழி. ப்ரொஃபைல் என்பது விண்டோஸ் பயனர் கணக்கைச் சார்ந்தது. இருவர் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்ளும் மேசையில் இந்தச் சிக்கல்கள் எதற்கும் நிரந்தரத் தீர்வு கிடையாது. டொமைனில் குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் வசதி) வழியாக, டொமைனின் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள முகவரியைக் கொண்டே ப்ரொஃபைல் தானாக அமையும்படி செய்யலாம். நான் பயன்படுத்திய வசதிகளில் அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது இதுதான்.

விண்டோஸின் இயல்புநிலை அஞ்சல் செயலி என்பது வேறொரு விவகாரம். இணையப் பக்கத்தில் முகவரியைச் சொடுக்கும்போது எது திறக்க வேண்டும் என்பதை 'டிஃபால்ட் ஆப்ஸ்' பக்கத்திலுள்ள 'மெயில்டூ' இணைப்பு முடிவு செய்கிறது. விண்டோஸ் 8 முதல் இந்தத் தேர்வு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டோடு சேமிக்கப்படுவதால், ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தை) ஸ்கிரிப்ட் மூலம் மாற்றும் பழைய வித்தை பலிப்பதில்லை. ஒரு கணினியில் சரியாக அமைத்து, விண்டோஸின் 'டிஸ்ம்' (DISM) கட்டளையால் அந்தத் தேர்வுகளை எக்ஸ்எம்எல் (XML) கோப்பாக எடுத்து, குரூப் பாலிசியில் அந்தக் கோப்பின் இடத்தைக் குறிப்பிட வேண்டும். அதே கோப்பை 'டிஸ்ம்' மூலமே இறக்கினால் இனி உருவாகும் புதிய பயனர்களுக்கு மட்டும் பொருந்தும். பாலிசி வழியில் போனால் ஒவ்வொரு லாகினிலும் அமலாகும். பயனர் தானாக மாற்றிக்கொண்டதையும் அது அழித்துவிடும் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அலுவலகக் கணினிக்கு அதுவே வேண்டியது.

விண்டோஸ் 10 உடன் வந்த 'மெயில்' செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அதன் இடத்தில் வரும் புதிய அவுட்லுக்கும் பழைய அவுட்லுக்கும் ஒரே கணினியில் அருகருகே இருக்கும். ஒன்றில் செய்த இயல்புநிலை அமைப்பு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைத்துவிடுவதே உத்தமம்.

பேக்கிங் பிரிவிலும் கிடங்கிலும் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலியைப் போட்டிருக்கிறோம். செலவில்லை, பழைய கணினியிலும் ஓடுகிறது. அதில் அனுப்பும் சர்வருக்கும் தனியாக ஒரு இயல்புநிலை உண்டு. கணக்கின் அமைப்பில் குறிப்பிட்ட சர்வரைத் தேர்ந்தெடுக்காமல், இயல்புநிலை சர்வரைப் பயன்படுத்து என்று விட்டுவிட்டால், நிறுவனத்தின் முகவரியைத் தாங்கிய கடிதம் வேறொரு சேவையின் எஸ்எம்டிபி (அனுப்பும் சர்வர்) வழியே கிளம்பிவிடும். அனுப்பியவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பெறுபவரின் சர்வரோ எஸ்பிஎஃப் பதிவோடு (நிறுவனத்தின் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியலோடு) ஒப்பிட்டு அதை ஸ்பாமில் தள்ளும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்குக் கடிதம் அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (கடிதத்தில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்) கேட்பதால், முன்பு எப்படியோ போய்ச் சேர்ந்த கடிதங்களும் இப்போது நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு கணக்கிற்கும் அதற்குரிய சர்வரைப் பெயரிட்டு இணைத்த பிறகு எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஒரு கணினியை ஒப்படைக்கும் முன், பொது முகவரியின் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு புதிய கடிதம் அனுப்பி, பெறும் பக்கத்தில் அனுப்புநர் முகவரியைப் பார்க்கிறேன். பிறகு உலாவியில் ஒரு முகவரியைச் சொடுக்கி எது திறக்கிறது என்று பார்த்து, கடைசியாக நாட்காட்டியில் ஒரு சந்திப்பைப் பதிந்து அது பணியாளரின் கைப்பேசியில் தெரிகிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் சரியாக வந்தால்தான் கையொப்பம்.