ஜெட் ஸ்கீ இன்ஜின் போய்விட்டது: பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் வைப்பதா?

டொராண்டோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரி நடுவில் இன்ஜின் நின்று, வண்டியைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தவர்கள் முதலில் விசாரிப்பது விலையைத்தான். ரீபில்ட் செய்ய எவ்வளவு, மாற்று இன்ஜின் எவ்வளவு? நான் இதைக் கடைசியாகத்தான் கேட்பேன். இன்ஜின் ஏன் போனது, கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பிழைத்திருக்கிறதா என்ற இரண்டும் தெரியாமல் யார் சொல்லும் விலையையும் நம்பி இறங்க முடியாது.

டொராண்டோ பக்கம் மலிவாகக் கைமாறும் சீ-டூ பிராண்டின் பழைய ஜெட் ஸ்கீக்களை வைத்தே பேசலாம். 1990-களின் பிற்பகுதியில் வந்த எக்ஸ்பி, ஜிஎஸ்எக்ஸ், எஸ்பிஎக்ஸ் மாடல்களில் இருப்பது ரோட்டாக்ஸ் 787 என்று அழைக்கப்படும் இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். உண்மையான கொள்ளளவு 782 சிசி. ஊரில் ஆர்எக்ஸ் 100-க்கு இன்ஜின் வேலை பார்த்தவர்களுக்கு இதன் உள்ளே இருப்பதில் பாதி ஏற்கெனவே பழக்கம்தான்.

முதல் சோதனை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துச் சுற்றினால், நல்ல 787-இல் இரண்டு சிலிண்டரிலும் 150 பிஎஸ்ஐ அளவில் காட்டும். இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான். ஒன்றில் 150, இன்னொன்றில் 60 என்று வந்தால், கழற்றியதும் என்ன தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்க விளிம்பு உருகி வழிந்திருக்கும், ரிங் அதன் பள்ளத்திலேயே சிக்கிக்கொண்டிருக்கும், சிலிண்டர் சுவரில் அலுமினியம் வெள்ளி பூசியதுபோல் அப்பியிருக்கும்.

இதற்குக் காரணம் பல நேரம் இன்ஜினுக்கு வெளியே இருக்கிறது. அந்தக் காலத்து சீ-டூக்களில் வந்த சாம்பல் நிற பெட்ரோல் குழாய்கள் உள்ளுக்குள் சிதைந்து, பச்சை நிறப் பசையைக் கக்கும். கார்ப்பரேட்டரைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன வலை வடிகட்டியைப் பாருங்கள். கண்ணி தெரியாத அளவுக்கு அந்தப் பசை படிந்திருக்கும். இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரு கார்ப்பரேட்டர் என்பதால், எந்தப் பக்கம் அடைத்ததோ அந்தப் பக்கப் பிஸ்டன் பலியாகும். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனைக் குளிர்விக்க ஆள் இல்லை. எண்ணெய் தனி வழியில் வந்தாலும் அது மட்டும் போதாது. குழாயை மாற்றாமல் எவ்வளவு பணம் போட்டுப் புது இன்ஜின் வைத்தாலும் அதுவும் இதே வழியில்தான் போகும். மாற்று இன்ஜின் வைத்து ஒரே மாதத்தில் மறுபடி சீஸ் ஆகி (பிஸ்டன் இறுகி நின்று) தவித்தவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். இன்ஜினைக் குறை சொன்னார்கள். வண்டியின் குழாய்கள் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன.

அடுத்தது கிராங்க். சிலிண்டரைத் தூக்கிய பிறகு பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அந்தத் திசையில் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை, அது இருக்க வேண்டியதுதான். பிறகு கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ, பேரிங்கில் துருக்கறை தெரிந்தாலோ, உருகிய அலுமினியத் துணுக்குகள் கீழே இறங்கியிருந்தாலோ கிராங்க்கின் கதை முடிந்தது. எந்த வழியில் போவது என்று தீர்மானிக்கிற இடம் இதுதான்.

கிராங்க் சுத்தமாக இருந்தால் என் ஓட்டு மேல்பாதி வேலைக்குத்தான். சிலிண்டரை லேத் பட்டறையில் போரிங் செய்து (உள்விட்டத்தைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி), 0.25 அல்லது 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ரிங், கேஸ்கெட் மாற்றி, எக்ஸாஸ்ட் வால்வுகளின் கரியைச் சுத்தம் செய்தால் இன்ஜின் பல வருஷம் ஓடும். கெட்டது ஒரு சிலிண்டர்தான் என்றாலும் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அளவுக்கு ஏற்பப் போரிங் செய்யச் சொல்லுங்கள். பொறுமையும் டார்க் ரெஞ்சும் உள்ளவர் வீட்டுக் கராஜிலேயே முடிக்கலாம். செலவில் இதற்கு ஈடான வழி கிடையாது.

கிராங்க் போயிருந்தால் எல்லாம் மாறிவிடும். டூ-ஸ்ட்ரோக் கிராங்க் ஒற்றைத் துண்டு இல்லை. பல துண்டுகளை பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்து, டயல் கேஜ் வைத்து நேர் பார்த்தது. வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. அதோடு 787-இல் பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும் சுழல் தட்டான ரோட்டரி வால்வு இருக்கிறது. திரும்பப் பூட்டும்போது அதன் டைமிங் கொஞ்சம் தவறினாலும் வண்டி சரியாக ஓடாது. கிராங்கைச் சுற்றியுள்ள கேஸைப் பிளந்து ஒட்டிய பிறகு காற்றழுத்தம் கொடுத்து கசிவு பார்க்க வேண்டும். புது கிராங்க், சீல்கள், போரிங், பிஸ்டன், கூலி என்று எல்லாவற்றையும் கூட்டினால், ரீபில்ட் செய்து வாரண்டியோடு விற்கப்படும் மாற்று இன்ஜினின் விலை பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நிலையில் நான் மாற்று இன்ஜினையே எடுப்பேன். வேலை பிசகினால் பொறுப்பு அவர்களுடையது என்பது பெரிய நிம்மதி.

ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையோடு அது முடியாது. பழைய இன்ஜினைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு முன்பணம் பிடிப்பார்கள். கேஸில் ஓட்டை விழுந்திருந்தால் அது திரும்பக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் இரண்டு வழிக்கும் சரக்குக் கூலி, எல்லையில் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி எல்லாம் உண்டு.

உடைத்து விற்கும் வண்டியிலிருந்து பழைய இன்ஜின் எடுப்பது? டூ-ஸ்ட்ரோக்குக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். கம்ப்ரஷன் 150 காட்டினாலும் கிராங்க் சீல்களுக்கும் வண்டியின் வயதுதான், இருபத்தைந்துக்கு மேல். சீல் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து மறுபடி பிஸ்டன் உருகும்.

2002-இல் வந்த சீ-டூவின் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினான 4-டெக்குக்குக் கணக்கு வேறு. சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத 155 குதிரைத்திறன் மாடலுக்கு, ஓடுவதை நேரில் பார்த்து எடுத்த பழைய இன்ஜின் நல்ல பேரமாகவே அமையலாம். சூப்பர்சார்ஜர் உள்ள ஆரம்பகால மாடல்களில் அதன் கிளட்சில் செராமிக் வாஷர்கள் இருந்தன. அவை நொறுங்கினால் துகள்கள் எண்ணெயோடு சேர்ந்து இன்ஜினுக்குள் இறங்கும். எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பாருங்கள். உடனே கவனித்து நிறுத்தியிருந்தால் எண்ணெய்ப் பாதைகளைச் சுத்தம் செய்து, உலோக வாஷர் போட்டுத் தப்பிக்க வழி உண்டு. அப்படியே ஓட்டி பேரிங்குகளைக் கெடுத்துவிட்டால் முழு இன்ஜினை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். 155-இன் இன்ஜினை அப்படியே எடுத்து சூப்பர்சார்ஜ்டு வண்டியில் வைக்க முடியாது. கம்ப்ரஷன் விகிதமே வேறு.

காலத்தையும் யோசியுங்கள். இங்கே சீசன் மே கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். ஜூலையில் போன இன்ஜினைப் பட்டறையில் விட்டால், வண்டி திரும்பும்போது ஏரி குளிர்ந்திருக்கும். அந்த வருஷம் ஓட்ட வேண்டுமென்றால் மாற்று இன்ஜின்தான் ஒரே வழி. செப்டம்பரில் போனது என்றால் குளிர்காலம் முழுக்க உங்களுடையது, நிதானமாகப் பிரிக்கலாம். அடிப்பகுதி விரிசல் விட்டு, தண்ணீரை உந்தும் பம்ப்பும் தேய்ந்த வண்டியாக இருந்தால் இரண்டுமே வேண்டாம், உதிரிக்கு விற்றுவிடுங்கள். முழு இன்ஜின் செலவு அந்த வயது வண்டியின் சந்தை விலையையே தொட்டுவிடும்.

எந்த வழியில் போனாலும், இன்ஜினை உள்ளே இறக்கும் முன் பெட்ரோல் குழாய்கள், வடிகட்டி, பெட்ரோலைத் திறந்து மூடும் செலக்டர் வால்வு, இரண்டு கார்ப்பரேட்டர்களின் பழுதுபார்ப்பு கிட் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். இறக்கிய பிறகு அலைன்மென்ட் கருவி வைத்து டிரைவ் ஷாஃப்டின் நேர் பாருங்கள். கண்ணளவில் விட்டால் சீலும் பேரிங்கும் தேய்ந்துபோகும். டூ-ஸ்ட்ரோக்காக இருந்தால் முதல் டாங்க் பெட்ரோலில் தனியாக எண்ணெயும் கலந்து ஊற்றுங்கள், எண்ணெய் பம்ப் தருவது அதற்கு மேல். அந்த டாங்க் தீரும்வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம், முழு திராட்டிலும் வேண்டாம். தீர்ந்ததும் மறுபடி கம்ப்ரஷன் எடுத்து, வந்த எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.