ஒரே மியூசியம், ஆறு தடவை: வியன்னாவில் ஆண்டுச் சீட்டு வாங்கின கதை

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டூர் குழுவோடு ஐரோப்பா போனோம். 12 நாளில் 8 நாடு. பஸ் நிற்கும், கைடு குடையைத் தூக்கிப் பிடிப்பார், பின்னால் நாங்கள் ஓடுவோம். பாரிஸில் லூவர் மியூசியத்துக்குக் கொடுத்தது ஒன்றரை மணி நேரம். அதில் 20 நிமிஷம் நான் கழிப்பறை வரிசையில் நின்றேன். மோனாலிசாவை எனக்கு முன்னால் நின்றவருடைய செல்போன் திரையில்தான் தரிசித்தேன். ஊருக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்ததும் இவர் சொன்னார்: "இனிமே போனா ஒரே ஊரு. உக்காந்து பாக்கணும்."

போன செப்டம்பர் கடைசியில் அப்படித்தான் போனோம். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா, 9 இரவு, நாங்கள் இரண்டு பேர் மட்டும். நாஷ்மார்க்ட் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் அடுப்போடு ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டோம். வியன்னாவுக்குப் போகிறவர்கள் அரண்மனை, மாளிகை என்று நிறையச் சொல்வார்கள். நான் எழுதப்போவது ஒரு மியூசியத்தைப் பற்றி. குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் என்று பெயர். கலை வரலாற்று மியூசியம் என்று அர்த்தம். 9 நாளில் 6 தடவை போனோம்.

முதல் விஷயம் சீட்டு. ஒரு நாள் சீட்டு ஆளுக்கு 20 யூரோவைத் தாண்டும். கவுன்ட்டரில் ஆண்டுச் சீட்டும் உண்டு. நான் 33 வருஷம் பள்ளியில் கணக்கு எடுத்தவள். விலைப் பலகையைப் பார்த்ததுமே மனசு வகுத்துவிட்டது. மூன்றாவது தடவை உள்ளே போனால் லாபம். "ரிட்டயர் ஆனவங்க வருஷம் பூரா இங்கயா இருக்கப்போறோம்?" என்றார் இவர். வருஷம் எதற்கு, வாரம் போதும். அந்த அட்டை கையில் இருந்தால் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, முட்டி வலிக்கிறது என்று வெளியே வந்துவிடலாம். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டுமே என்கிற பதைப்பு இருக்காது. நான் அதற்குத்தான் காசு கொடுத்தேன்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக: 1891-ல் திறந்தது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்ததை வைப்பதற்கென்றே கட்டியது. எதிரிலேயே அச்சு அசல் இரட்டைப்பிள்ளை மாதிரி இன்னொரு கட்டடம், இயற்கை வரலாற்று மியூசியம். நடுவில் மரியா தெரேசா மகாராணி சிலையாக உட்கார்ந்திருக்கிறார். படிக்கட்டு ஏறும்போது அண்ணாந்து பாருங்கள். தூண்களுக்கும் வளைவுகளுக்கும் இடையில் இருக்கும் ஓவியங்களில் சில வியன்னாவின் புகழ்பெற்ற ஓவியர் கிளிம்ட் வரைந்தவை, 30 வயதுகூட ஆகாத கிளிம்ட். நான் இரண்டாவது நாள்தான் கவனித்தேன். முதல் நாள் படியை எண்ணிக்கொண்டு ஏறினேன்.

ஓவியக் கூடங்களில் எனக்கு முதலில் பிடித்தது சோபா. சிரிக்காதீர்கள். பெரிய அறைகளில் நடுவில், சாய்ந்து உட்காரும்படி மெத்தை வைத்த சோபாக்கள் போட்டிருக்கிறார்கள். முட்டி தேய்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முட்டி தேய்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் குடியிருந்தது பீட்டர் புரூகல் அறையில். 16-ஆம் நூற்றாண்டு ஓவியர். உலகத்தில் அவர் ஓவியங்கள் அதிகமாக இருப்பது இங்கேதான், 12. ராஜா, ராணி, தேவதை என்று மற்ற அறைகளில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் சட்டென்று ஊருக்குள் வந்த மாதிரி இருக்கும். பூராவும் குடியானவர்கள்.

கல்யாண விருந்து ஓவியத்தை இவர் முதலில் பார்த்துவிட்டு, "இங்க வா, பந்தி நடக்குது" என்று கூப்பிட்டார். பந்தியேதான். களஞ்சியம் மாதிரி ஒரு இடம், நீளப் பலகை, நெருக்கி உட்கார்ந்த சனம். கதவு ஒன்றைப் பெயர்த்து, அடியில் கம்பு கொடுத்து, அதன்மேல் கஞ்சிக் கிண்ணங்களை அடுக்கி இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். பரிமாறுகிறவர்களின் கால்களை எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கிற மாதிரி தோன்றும். நான் மூன்று தடவை எண்ணினேன். முன்னால் தரையில் ஒரு பிள்ளை, மயிலிறகு செருகின குல்லா கண்ணை மறைக்க, கிண்ணத்தை வழித்து விரலை நக்குகிறது. பெண் பச்சைத் துணிக்கு முன்னால் கையைக் கோத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை யார் என்பதுதான் தெரியவில்லை. அறிஞர்களுக்கே அதில் தகராறு உண்டாம். பை மாதிரி ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவன் ஊதாமல் அந்தக் கிண்ணங்களையே பார்க்கிறான். "நாதஸ்வரக்காரங்களுக்கு இன்னும் இலை போடல" என்றார் இவர். எங்கள் குடும்பக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் பந்தி விசாரிக்கிற ஆள். அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

பனியில் வேட்டைக்காரர்கள், 1565. எதிரிலேயே சோபா. மூன்று பேர் வேட்டை முடிந்து திரும்புகிறார்கள். தோளில் ஒரே ஒரு நரி, அன்றைய வரும்படி அவ்வளவுதான். நாய்கள்கூடத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கின்றன. விடுதியின் பெயர்ப் பலகை ஒரு கொக்கி கழன்று கோணலாகத் தொங்குகிறது. கீழே வலது மூலையில் ஆலையின் தண்ணீர்ச் சக்கரம் அப்படியே உறைந்து நிற்கிறது. தூரத்தில் பிள்ளைகள் பனிக்கட்டிமேல் சறுக்குகிறார்கள். தஞ்சாவூர் வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த வெள்ளையும் பச்சையுமான குளிர் முதலில் புரியவில்லை. மூன்றாவது நாள் வெளியில் மழை, செருப்பு நனைந்து உள்ளே வந்து உட்கார்ந்தேன். கால் வழியாகப் புரிந்தது. ஆண்டின் பருவங்களை வைத்து வரைந்த வரிசையில் இது ஒன்று. அந்த வரிசையில் இப்போது மிஞ்சியிருப்பது 5. மூன்று இங்கே, ஒன்று பிராகில், ஒன்று நியூயார்க்கில்.

இவருக்குப் பிடித்த பொருள் கீழ்த்தளத்தில். செல்லினி என்ற இத்தாலியப் பொற்கொல்லர் செய்த தங்க உப்புப் பாத்திரம், 1540-களில் பிரான்ஸ் மன்னருக்காகச் செய்தது. சுமார் 26 செ.மீ. உயரம். கடல் தெய்வம் பக்கத்தில் ஒரு படகு, அதில் உப்பு. பூமாதேவி பக்கத்தில் ஒரு குட்டிக் கோயில், அதில் மிளகு. உப்புக்குக் கொடுத்த அதே மரியாதையை மிளகுக்கும் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். அந்தக் காலத்தில் மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பல் ஏறிப் போன சரக்கு. இவருக்குக் கலையைவிடத் திருட்டுக் கதைதான் ருசி. 2003 மே மாதம் ஒருவன் சாரத்தில் ஏறி ஜன்னல் வழியாகப் புகுந்து இதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். 2006 ஜனவரியில் ஒரு காட்டில் பெட்டியில் புதைத்த இடத்திலிருந்து தோண்டி எடுத்தார்கள். திருடினவனுடைய தொழில் அலாரம் பொருத்துவது. இதை இவர் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

மாடியில் குவிமாடத்துக்கு நேர் கீழே ஒரு காபிக்கடை. மியூசியச் சீட்டு இருந்தால்தான் போக முடியும். எங்களிடம்தான் அட்டை இருக்கிறதே. ஒரு நாள் ஓவியம் எதையும் பார்க்காமல் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தோம். ஆண்டுச் சீட்டின் முழு ராஜபோகம் அன்றைக்குத்தான் தெரிந்தது. மெலாஞ் என்று கேட்டால் பால் நுரையோடு வரும். டிகாக்ஷன் நம் கும்பகோணத்து அளவுக்கு ஏறாது, ஆனால் மோசமில்லை. கூடவே சின்னத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது ஊர் வழக்கம். அந்தத் தண்ணீரைக் குறைத்து நினைக்காதீர்கள். 1873-லிருந்து ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாயில் வருகிறது. 9 நாளில் ஒரு பாட்டில் தண்ணீர்கூடக் காசு கொடுத்து வாங்கவில்லை.

வெளியே சாப்பாடு: நாங்கள் சைவம், இவர் வெளியூரில் மட்டும் முட்டை. முட்டை சாப்பிடுகிறவர்கள் கேஸ்ஷ்பெட்ஸ்லே தைரியமாகக் கேட்கலாம், முட்டை சேர்த்துப் பிசைந்து சீஸில் புரட்டின குட்டி மாவு உருண்டைகள், மேலே பொரித்த வெங்காயம். க்னோடல் என்று வரும் கொழுக்கட்டைகளில் கவனம். சிலதில் பன்றி இறைச்சி கலந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். இவர் கண்டுபிடித்தது கைசர்ஷ்மார்ன். முட்டை சேர்த்த தடியான இனிப்புத் தோசையைக் கல்லிலேயே பிய்த்துப் போட்டு, சர்க்கரை தூவி, பிளம்ஸ் பழத்தை வேகவைத்த தொக்கோடு கொடுக்கிறார்கள். கொத்துப் பரோட்டாவின் இனிப்புத் தங்கை. இரண்டு பேருக்கு ஒரு தட்டு ஜாஸ்தி. ராத்திரியில் பெரும்பாலும் வீட்டில் ரசம் சாதம்தான்.

ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் மொசார்ட் மாதிரி வெள்ளை விக், சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பையன் கச்சேரி டிக்கெட் விற்றான். இவர் பேரம் பேசி 10 யூரோ குறைத்துவிட்டதாகப் பெருமைப்பட்டார். போனால் எங்கள் நாற்காலிக்கு முன்னால் தூண். நான் வயலின்காரரின் இடது முழங்கையை மட்டும் ஒன்றரை மணி நேரம் கேட்டேன். டிக்கெட்டை அரங்கத்தின் கவுன்ட்டரிலேயே வாங்குங்கள்.

இன்னொன்று ஷ்டூர்ம். செப்டம்பர், அக்டோபரில் மட்டும் கிடைக்கும், பாதி நொதித்த புதுத் திராட்சைச் சாறு. பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் ஒரு நிலைமை. உள்ளே இன்னும் பொங்கிக்கொண்டிருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். சந்தைக் கடைக்காரம்மா பாட்டிலை நேராகப் பிடித்து, விரலை ஆட்டி ஜெர்மனில் என்னவோ சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டுப் பையில் படுக்கப் போட்டார். என் ஸ்வெட்டர் இன்னும் மணக்கிறது.

யாருக்கு இது ஒத்து வராது? வியன்னாவில் ஒன்றரை நாள்தான் என்றால் ஆண்டுச் சீட்டு வீண். ஒரு நாள் சீட்டு வாங்கி நேரே புரூகல் அறைக்குப் போங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் திங்கட்கிழமை விடுமுறை. வியாழக்கிழமை ராத்திரி 9 மணி வரை உண்டு. 7 மணிக்கு மேல் டூர் குழுக்கள் கிளம்பிவிடும், சோபா உங்களுக்கு. ரிங் சாலையில் போகும் டிராமில் பூர்க்ரிங் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே கட்டடம். திரும்பும்போது நடந்து ஃபோல்க்ஸ்கார்டன் பூங்கா வழியாக வாருங்கள். ரோஜாச் செடிகளில் சின்னச் சின்னத் தகடு தொங்கும்; செடிக்குக் காசு கட்டி, யாரோ யாருக்கோ எழுதின வாழ்த்து. நாங்கள் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அதைப் படித்தோம்.

கடைசி இரண்டு நாளும் புரூகலின் பிள்ளை விளையாட்டுகள் ஓவியத்தின் முன்னால் கழிந்தது. 1560-ல் வரைந்தது. ஒரு ஊர்ச் சதுக்கம் முழுக்கப் பிள்ளைகள், 200-க்கும் மேலே. விளையாட்டுகள் 80-க்கு மேல் என்கிறார்கள். இடது கீழ் மூலையில் இரண்டு பெண்பிள்ளைகள் எலும்புத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். அது அஞ்சாங்கல்லேதான், கல்லுக்குப் பதில் எலும்பு. பச்சைக்குதிரை இருக்கிறது, பம்பரம் இருக்கிறது, கண்ணைக் கட்டி ஆடுவது இருக்கிறது, வளையம் உருட்டுவது இருக்கிறது. ஆளுக்கு ஒரு தாள் வைத்துக்கொண்டு தனித்தனியாக எண்ணினோம். எனக்கு 41, இவருக்கு 44. விமானத்தில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்ததில், குட்டிக்கரணத்தை அவர் இரண்டு தடவை எழுதியிருந்தார், ஒப்புக்கொண்டார். ஒன்று எனக்குத் தப்பியது, ஒப்புக்கொண்டேன். மூன்றாவதுதான் பாக்கி. ஓவியத்தின் நடுவில் பிள்ளைகள் கல்யாணப் பெண் ஊர்வலம் போகிறார்கள். கல்யாணத்தை விளையாட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நான். "பின்ன வேற எதுலம்மா சேக்குறது?" என்று இவர்.