தொடைத் தசையைத் திரையில் பார்க்க வயர்லெஸ் ப்ரோப்: வாங்கலாமா?

பிசியோ கிளினிக்குகளைக் குறிவைத்து விற்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி இது; தோலில் வைத்துப் பார்க்கும், தட்டையான முகமுள்ள லீனியர் ப்ரோப். 7.5, 10 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை. படம் டேப்லெட்டில் வரும். தொடைத் தசை சுருங்கும்போது உருவம் மாறுவதை நோயாளிக்கே காட்டலாம் என்கிறது விளம்பரம். காட்டலாம், பொய்யில்லை. அளப்பதற்கென்றால் கொஞ்சம் யோசிக்கணும்.

தொடையின் முன்பக்க நடுத்தசையான ரெக்டஸ் ஃபெமோரிஸைக் குறுக்காகப் பார்ப்பதில் சிக்கலே இல்லை. இடுப்பெலும்பின் முன்முனைக்கும் முட்டிச்சில்லின் மேல்விளிம்புக்கும் நடுவில் ப்ரோப்பை வையுங்கள். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். தட்டையாகக் கிடந்த தசை திரண்டு உருண்டையாவது பளிச்சென்று தெரியும். அதற்குக் கீழே வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் என்ற இன்னொரு தசை, அதற்கும் கீழே தொடையெலும்பின் வெள்ளைக் கோடு. தசையின் கன அளவு மாறுவதில்லை; நீளத்தில் குறைந்தது பருமனில் கூடுகிறது.

இங்கே படத்தைக் கெடுப்பது கருவியல்ல, கை. லேசாக அழுத்தினாலே தளர்ந்த தசை நசுங்கி மெலிதாகத் தெரியும். சுருங்கிய தசை விறைத்திருப்பதால் அந்த அளவு நசுங்காது. ஆக, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உள்ளதைவிடப் பெரிதாகிவிடும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, தோலுக்கு மேலே ஜெல்லின் கறுப்புப் பட்டை எப்போதும் திரையில் தெரியும்படி பிடியுங்கள். பட்டை மறைந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள்.

தொடையின் வெளிப்பக்கத் தசையான வாஸ்டஸ் லேட்டரலிஸில்தான் இது கோட்டை விடுகிறது. நெடுக்காக வைத்தால் மேலும் கீழும் இரண்டு வெள்ளைச் சவ்வுகள், நடுவே சாய்வாக ஓடும் நார்க்கற்றைகள். தளர்ந்த நிலையில் சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி. சுருங்கச் சுருங்கக் கற்றைகள் நிமிர்ந்து கோணம் கூடும். அதுவரை அழகாகவே தெரிகிறது. ஆனால் ப்ரோப்பின் முகம் 4 செ.மீ.தான், கற்றையோ பலருக்கு 7, 8 செ.மீ. நீளம். ஒரு முனையாவது திரைக்கு வெளியே போய்விடும். மீதியை நேர்கோடாக நீட்டிக் கணக்கிட்டால், கற்றை வளைந்து ஓடுவதால் நீளம் பிசகும். நீளம் தேவைப்படுபவர்கள் 6 செ.மீ. முகமுள்ள, வயர் வைத்த ப்ரோப்பையே பாருங்கள்.

நொடிக்கு 20 பிரேமுக்கு மேல் வருவதில்லை. வெடுக்கென்று உதைத்தால் பாதி மாற்றம் விட்டுப்போகும். 3 நொடி மெதுவாக இறுக்கி, 3 நொடி பிடிக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறித் தானே அணைந்துவிடுகிறது. இந்த விலைக்கு இது அநியாயம்.

ஒன்று முக்கியம். தொடையை மட்டும் பார்த்தாலும் இது ஸ்கேன் கருவிதான். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்துக்கு இதை விற்கவே கூடாது. பதிவுச் சான்றிதழ் கேட்காமல் பில் போடும் டீலரிடம் வாங்காதீர்கள்.