விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா, கேவிஎம்மா: எது எங்கே மக்கர் பண்ணும்?

லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி, ஓட்ட எதைப் போடலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வசதிப் பட்டியலை நீட்டுவார்கள். புதிதாக வருபவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஸ்னாப்ஷாட், ஷேர்டு ஃபோல்டர் எல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம் மூன்றிலுமே ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. எது எந்த இடத்தில் மக்கர் பண்ணும், அதை நாமே சரிசெய்ய முடியுமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. உபுண்டு 24.04 போட்ட சாதாரண லேப்டாப்பை வைத்து எழுதுகிறேன். லினக்ஸ் மின்ட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் என்ற பெயரில் இருக்கும். சிபியு-செக்கர் என்ற தொகுப்பைப் போட்டு, டெர்மினலில் கேவிஎம்-ஓகே என்று அடித்தால் இயங்குமா இயங்காதா என்று அதுவே சொல்லிவிடும்.

விர்ச்சுவல்பாக்ஸ்தான் எல்லோரும் முதலில் தொடுவது. கல்லூரி லேப் கையேடுகளும் யூடியூப் பாடங்களும் பெரும்பாலும் அதை வைத்தே இருக்கும். பார்க்க எளிது. ஆனால் மெஷினை ஸ்டார்ட் செய்ததும் 'கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு' என்று ஒரு பெட்டி வந்து, கூடவே மைனஸ் 1908 என்ற எண் தெரியும். காரணம் இதுதான்: விர்ச்சுவல்பாக்ஸுக்கு விபாக்ஸ்டிஆர்வி என்ற கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையமான கெர்னலில் ஏறும் துண்டு நிரல்) வேண்டும். அது லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை; உங்கள் கணினியிலேயே மூலநிரலிலிருந்து கம்பைல் ஆக வேண்டும். ஜிசிசி, மேக் என்ற கம்பைல் கருவிகள், நீங்கள் ஓட்டும் கெர்னலுக்கான ஹெடர் ஃபைல்கள் ஆகிய மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும். பில்டு-எசென்ஷியல், ஓடும் கெர்னலுக்குப் பொருந்தும் லினக்ஸ்-ஹெடர்ஸ், கெர்னல் மாறும்போது மாட்யூலைத் தானே மறுபடி கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் ஆகிய தொகுப்புகளைப் போட்டுவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸைத் தயாரிக்கும் ஆரக்கிளின் தளத்திலிருந்து இறக்கியவர்கள் சுடோவோடு விபாக்ஸ்கான்ஃபிக் கட்டளையை ஓட்டினால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

மீதிப் பேருக்குத் தலைவலி செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து உள்ள நிரலை மட்டும் பூட்டில் அனுமதிக்கும் காவல். மாட்யூல் ஒழுங்காகக் கம்பைல் ஆகியிருக்கும். ஆனால் கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது. உபுண்டு தொகுப்பிலிருந்து நிறுவினால் நடுவில் புதிதாக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி எண்ணும். அந்த நேரத்தில் காபி எடுக்கப் போனால் போச்சு, கணினி வழக்கம்போல பூட் ஆகிவிடும். திரையைப் பிடித்துவிட்டாலும், மேலே இருக்கும் 'கன்டினியூ பூட்' மீது எண்டர் தட்டிவிடுபவர்கள் உண்டு. 'என்ரோல் மாக்' (கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்) என்பதைத்தான் தேர்ந்தெடுத்து, கொடுத்த பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். அந்தத் திரைக்கு அமெரிக்க விசைப்பலகை அமைப்பு மட்டுமே தெரியும், அதனால் சிறப்புக் குறிகள் இல்லாத எளிய பாஸ்வேர்டாக வையுங்கள். ஒரு தடவைக்குத்தான் அது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று சுலபமாகச் சொல்வார்கள். கூடவே விண்டோஸும் அதன் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரும் இருந்தால் அடுத்த முறை விண்டோஸ் ரெகவரி கீ கேட்கலாம், ஜாக்கிரதை.

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியது. 2024 மே மாதம் சொந்தப் பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசமானது. 3டி கிராஃபிக்ஸில் கெட்டி. ஆனால் இலவசமாகிவிட்டது என்பதற்காகப் புதியவர் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். விஎம்வேரின் உரிமையாளரான பிராட்காமின் தளத்தில் கணக்குத் திறந்துதான் பதிவிறக்க முடியும். அதற்கப்புறம் விஎம்மான், விஎம்நெட் என்ற இரண்டு மாட்யூல்கள், அதே கம்பைல், அதே செக்யூர் பூட் சிக்கல். கையெழுத்தையும் நீங்களே போட வேண்டியிருக்கும். கெர்னல் புதிதாகிவிட்டால் கம்பைல் பாதியில் நின்றுபோய், கிட்ஹப்பில் யாராவது அதைச் சரிசெய்யும் பேட்ச் போட்டிருக்கிறார்களா என்று தேட வேண்டி வரும்.

கேவிஎம்முக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பு முதல் அது லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதி. உபுண்டுவே கையெழுத்திட்டுத் தருவதால் செக்யூர் பூட் வாய் திறக்காது. கெர்னல் மாறினாலும் கம்பைல் இல்லை. மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட், அதற்கான திரையான விர்ட்-மேனேஜர் ஆகிய தொகுப்புகளைப் போட்டால் போதும். சிக்கலே வராது என்று சொல்லவில்லை. வருபவை எல்லாம் கையடக்கமானவை. லிப்விர்ட்டோடு இணைய முடியவில்லை என்றால் உங்கள் பயனர் பெயரை லிப்விர்ட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து வாருங்கள். 'டீஃபால்ட்' நெட்வொர்க் இயங்கவில்லை என்றால் கனெக்‌ஷன் டீடெய்ல்ஸுக்குள் விர்ச்சுவல் நெட்வொர்க்ஸ் பக்கத்தில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆட்டோஸ்டார்ட்டையும் டிக் செய்யுங்கள். டவுன்லோட்ஸில் இருக்கும் ஐஎஸ்ஓவைத் திறக்க அனுமதி இல்லை என்றால் பயப்பட வேண்டாம்: உபுண்டு 21.04 முதல் நம் ஹோம் ஃபோல்டருக்குள் மற்ற பயனர்கள் எட்டிப்பார்க்க முடியாது, மெஷினை ஓட்டும் க்யூஎம்யூவோ வேறு பயனராக ஓடுகிறது. ஃபைலை வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ் ஃபோல்டருக்கு மாற்றினால் சரி.

விர்ட்-மேனேஜரின் முகம் பழசு, அது உண்மைதான். உள்ளே விண்டோஸ் ஓட்டுவதாக இருந்தால் வேகத்துக்கு விர்ட்ஐஓ என்ற, விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள டிரைவர்களைத் தனியாகப் போட வேண்டும். வேறொரு லினக்ஸைச் சும்மா ஒரு முறை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நோம் பாக்ஸஸ் இருக்கிறது. உள்ளே ஓடுவது அதே கேவிஎம்தான்.

ஆக, லேப் கையேடு விர்ச்சுவல்பாக்ஸைக் கேட்டால் அதைப் போடுங்கள், கேட்காவிட்டால் கேவிஎம். இரண்டையும் ஒரே கணினியில் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 6.12 கெர்னலிலிருந்து கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே விடி-எக்ஸைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறது. 24.04 முதலில் 6.8 கெர்னலோடு வந்தது, 24.04.3இல் 6.14க்கு மாறியது. நேற்றுவரை ஓடிய விர்ச்சுவல்பாக்ஸ், அப்டேட்டுக்குப் பின் 'விஎம்எக்ஸ் ரூட் மோட்' என்று முடியும் பிழையைக் காட்டினால் விஷயம் இதுதான். அந்த நேரத்துக்கு மாட்ப்ரோப் கட்டளையால் கேவிஎம்-இன்டெல் மாட்யூலை இறக்கிவிடலாம். ஏஎம்டி என்றால் கேவிஎம்-ஏஎம்டி. நிரந்தரமாக வேண்டுமென்றால் பூட் மெனுவான கிரப்பின் அமைப்பில் கேவிஎம்மின் 'எனேபிள் விர்ட் அட் லோட்' அமைப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள். அப்போதும் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட நினைக்காதீர்கள்.