சவுண்ட் கார்ட் செய்யப் போகிறீர்களா? இரும்பு, அலுமினியம், மடக்கு டிராலி: ஓர் அலசல்

தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் டப்பிங்தான். ஸ்பாட்டில் டப்பிங்குக்கு வழிகாட்டியாக ஒரு பைலட் டிராக் எடுத்தால் போதும் என்றால் தோளில் மாட்டும் பையே தாராளம். சிங்க் சவுண்ட், அதாவது ஸ்பாட்டில் பதிவாகும் குரலையே படத்தில் வைப்பது என்று முடிவாகிவிட்டால் அது பத்தாது. ஆறு நடிகர்களுக்குச் சட்டையில் குத்தும் ஆறு லேப்பல் மைக், நீளக் கம்பில் பிடிக்கும் இரண்டு பூம் மைக், ரெக்கார்டர், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் பலகை, சின்ன மானிட்டர், இயக்குநர் கேட்பதற்கான டிரான்ஸ்மிட்டர், இத்தனைக்கும் பேட்டரி. இதையெல்லாம் தோளில் சுமந்துகொண்டு 12 மணி நேரம் காது கொடுத்து வேலை செய்ய முடியாது. உடம்பு வலித்தால் முதலில் போவது கவனம்தான். அதற்குத்தான் சவுண்ட் கார்ட்: இத்தனையையும் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் சக்கர வண்டி.

வெளிநாட்டு ரெடிமேட் கார்ட்கள் அருமையானவை. ஆனால் சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் விலை எங்கோ போய்விடும், ஒரு சக்கரம் உடைந்தாலும் மாற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே சென்னையில் நாமே செய்துகொள்ள முடிகிற வழிகளை மட்டும் பார்ப்போம்.

முதலில் மடக்கு டிராலி. ராக்-என்-ரோலர் வகை வண்டியை வாங்கி, மேலே ஒரு பிளைவுட் தட்டைப் பொருத்தி, அதில் ராக் பெட்டியை, அதாவது கருவிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டும் பெட்டியை உட்காரவைப்பது. இந்த வரிசையில் ஆர்12 மாடல் 34 அங்குலத்திலிருந்து 52 அங்குலம் வரை நீளும், 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ தாங்கும். நம் கருவிகள் அதில் பாதிகூட வராது. மடக்கினால் கார் டிக்கியில் போய்விடும். விளம்பரப் படம், குறும்படம், இரண்டு மூன்று நாள் வேலை என்று ஓடுபவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. குறை என்னவென்றால், நீளவும் மடங்கவும் செய்கிற ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஃபேடரில் விரல் வைத்திருக்கும்போது அந்த ஆட்டம் எரிச்சலூட்டும். மேடுபள்ளத்தில் தள்ளினால் கடகடவென்று சத்தமும் வரும். முழுநீளப் படத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது இரும்பு. 25 மி.மீ. சதுரக் குழாய், 16 கேஜ், அம்பத்தூரில் ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறை. வரைபடத்தைக் கொடுத்தால் ஓரிரு நாளில் சட்டம் தயாராகிவிடும், செலவும் குறைவு. வெல்டிங் செய்த சட்டம் துளியும் அசையாது. வெல்டிங் சூட்டில் சட்டம் கோணலாகும் என்பதால், முழு வெல்டிங்குக்கு முன் டாக் (ஆங்காங்கே புள்ளியாக வைக்கும் வெல்டிங்) வைத்த நிலையிலேயே மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் சமமா என்று பார்த்துவிடுங்கள். பவுடர் கோட்டிங்குக்கு முன்பே எல்லா ஓட்டையும் போட்டாக வேண்டும். பிறகு போடும் ஒவ்வொரு ஓட்டையும் ஈசிஆர் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இடம். உள்ளே வெற்றாக இருப்பதால் ஒரு ஸ்பானர் பட்டாலே குழாய் மணியடித்த மாதிரி ஒலிக்கும். சின்ன அறைக்குள் ஷாட் எடுக்கும்போது அது பூமில் கேட்கும். முனைகளை மூடி, கார் கதவுக்குள் ஒட்டுகிற அதிர்வுத் தடுப்பு ஷீட்டைப் பட்டையாக வெட்டி ஒட்டினால் அடங்கிவிடும்.

இரும்பின் உண்மையான பிரச்சினை வேறு. வயர்லெஸ் ரிசீவர் ஒன்று கூடுதலாக வாங்கினீர்கள், ஒரு தட்டை இரண்டு அங்குலம் இறக்க வேண்டும் என்றால் மறுபடியும் பட்டறை, மறுபடியும் கோட்டிங்.

அலுமினிய டி-ஸ்லாட் புரொஃபைல், அதாவது பக்கங்களில் நீளவாக்கில் பள்ளம் ஓடும் சட்டம், இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஆலன் கீ ஒன்று இருந்தால் போதும், தட்டை ஏற்றலாம், இறக்கலாம், ஆன்டெனா கம்பத்தை இடமிருந்து வலத்துக்கு மாற்றலாம். 20 மி.மீ. அளவு ஒரு மீட்டர் உயர கார்ட்டுக்குப் போதாது, பக்கவாட்டில் நெளியும். 40 தேவைக்கு அதிகம். 30 மி.மீ. சரியாக இருக்கும்.

வாங்கும்போது நட்டைக் கவனியுங்கள். சட்டம் பூட்டிய பிறகும் பள்ளத்தில் நுழைத்துத் திருப்பிக்கொள்ளும் நட் வசதியானது, ஆனால் அதிர்வில் திரும்பிக் கழன்றுவிடும். முனை வழியாக முன்கூட்டியே நுழைக்கும் நட்தான் எடை தாங்கும் மூட்டுகளுக்கு. அதனால் பூட்டும் முன்பே ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு மூன்று நட்டைக் கூடுதலாகப் போட்டு வைத்துவிடுங்கள், பின்னால் உதவும். எல்லா போல்ட்டுக்கும் நீல நிற லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. யூனிட் வண்டியில் மதுரை போய் வந்தாலே இறுக்காத போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்.

ராக் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. 19 அங்குல ராக் கருவியின் காதுகளில் (இருபுறமும் நீட்டியிருக்கும் பூட்டுத் தகடுகளில்) உள்ள ஓட்டைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு 465 மி.மீ. கருவியின் உடல் நுழையக் குறைந்தது 450 மி.மீ. திறப்பு வேண்டும். அந்தத் திறப்பை விட்டு 30 மி.மீ. புரொஃபைலை நிறுத்தினால் பள்ளங்களின் மையம் 480-இல் போய் நிற்கும், கருவியை நேரடியாகப் பூட்ட முடியாது. தனி ராக் ரெயிலை உள்பக்கம் பொருத்துங்கள். தூண்களுக்கு நடுவே 490 விட்டால் மொத்த அகலம் 55 செ.மீ. வரும். காரைக்குடி வீட்டு உள்கட்டுக் கதவுகள் எல்லாம் அகலமானவை என்று நம்பிவிடாதீர்கள். லொக்கேஷன் பார்க்கப் போகும்போதே டேப் எடுத்துப் போங்கள்.

எடைக்காக அலுமினியம் எடுக்கிறேன் என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று தட்டு கார்ட்டுக்குச் சுமார் 12 மீட்டர் சட்டம் தேவை. 25 மி.மீ. 16 கேஜ் இரும்பு மீட்டருக்கு 1.2 கிலோ, ஆக 14 கிலோ. 30 மி.மீ. புரொஃபைல் மீட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். மூலை பிராக்கெட், போல்ட் எல்லாம் சேர்த்தால் 13, 14 கிலோ ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதான்! மாற்றியமைக்கும் வசதிக்காக அலுமினியம் எடுங்கள், எடைக்காக வேண்டாம்.

எடை இறங்கும் இடம் பேட்டரி. மேலே சொன்ன செட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் 12 மணி நேரத்துக்கு 60 ஆம்பியர்-மணி (ஏஎச்). 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி 30 கிலோவை நெருங்கும், அதையும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். அதாவது அந்த எடைக்கு உங்கள் ஒரு நாள் வேலைகூட ஓடாது. அதே 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 11, 12 கிலோதான், 80 ஏஎச் தாராளமாக எடுக்கலாம். முழு சார்ஜில் 14.6 வோல்ட் வரை போனாலும் 10 முதல் 18 வோல்ட் வரை ஏற்கும் சவுண்ட் டிவைசஸ் 833, ஸ்கார்ப்பியோ போன்ற ரெக்கார்டர்களுக்குப் பிரச்சினை இல்லை. கார்ட்டைத் திண்ணைப் படியில் இரண்டு பேர் தூக்கும்போது இந்த 18 கிலோ வித்தியாசம் புரியும். பழைய சார்ஜரை மட்டும் மாட்டிவிடாதீர்கள், இதற்கென்று உள்ளதை வாங்குங்கள். பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ், அப்புறம் ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ். பேட்டரிக்கு இடம் அடித்தட்டுதான். மேலே கம்பமும் மானிட்டரும் இருப்பதால் கீழே கனம் இல்லாவிட்டால் சரிவில் கார்ட் சாயும்.

பிளைவுட் பெட்டி கார்ட்டும் உண்டு. அதிர்வை நன்றாக அடக்கும், ஆனால் 12 மி.மீ. பலகை சதுர மீட்டருக்கு எட்டு கிலோ, மழையில் நனைந்தால் ஊறும். தட்டுக்கும் டிராயருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் சட்டம் எடுத்தாலும் சக்கரத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 5 அங்குல கேஸ்டர் (சுழலும் சின்னச் சக்கரம்) ஸ்டுடியோ தரைக்குச் சரி. செம்மண், ஜல்லி, வாசல்படி என்றால் பின்பக்கம் 10 அங்குலக் காற்று டயர், முன்பக்கம் பிரேக் வைத்த ரப்பர் கேஸ்டர் இரண்டு. கடற்கரை மணலில் இதுவும் புதையும். அங்கே பலூன் சக்கரம் இருந்தால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் கார்ட்டைச் சாலையோரம் விட்டுவிட்டு ஆன்டெனாவை மட்டும் கேபிளில் முன்னே கொண்டு போங்கள். சாதாரண ஆர்ஜி-58 கேபிள், வயர்லெஸ் மைக் ஓடும் யுஎச்எஃப் அலைவரிசையில் 10 மீட்டருக்கே 4 டெசிபெல் அளவில் தின்றுவிடும், லோ-லாஸ் கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மணாலி, காஷ்மீர் ஷெட்யூல் என்றால் இன்னொன்று. பெரிய லித்தியம் பேட்டரியைப் பயணி விமானத்தில் விடமாட்டார்கள். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதனால் 98 வாட்-மணி வி-மவுண்ட் பேட்டரிகளை (பிளேட்டில் மாட்டும் கேமரா பேட்டரி) கைப்பையில் கொண்டுபோய், அதில் ஓடும்படி கார்ட்டில் ஒரு பிளேட் முன்பே பொருத்தி வையுங்கள். பெரிய பேட்டரி லாரியில் வந்தால், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. அன்றைய ஷூட்டிங் முடிந்ததும் கழற்றி அறைக்குள் கொண்டுபோய், குளிர் விட்ட பிறகு சார்ஜில் போடுங்கள்.