பழைய காருக்குப் பாகம் தேடும் ஐந்து வழிகள்: எது தேறும், எது இழுத்தடிக்கும்

உற்பத்தி நின்றுபோன காருக்குப் பாகம் தேட ஐந்து வழிகள் உண்டு. கம்பெனி டீலரிடம் ஆர்டர் போட்டுக் காத்திருக்கலாம். விற்காமல் கிடங்கில் கிடந்த பழைய ஸ்டாக்கை வாங்கலாம். வேறு கம்பெனி செய்த மாற்றுப் பாகத்தை எடுக்கலாம். காயலான்கடையில் இன்னொரு காரிலிருந்து கழற்றியதைப் போடலாம். இல்லையென்றால் கையில் இருக்கும் பழுதான பாகத்தையே பட்டறையில் கொடுத்துப் புதுப்பிக்கலாம். பெரும்பாலோர் இதே வரிசையில்தான் போகிறார்கள். பிரேக், எஞ்சின், மின்சார வேலைகளைப் பொறுத்தவரை வரிசையைத் தலைகீழாக்கினால் கார் சீக்கிரம் கிளம்பும். ஐந்தில் அதிக மதிப்பெண் கடைசி வழிக்குத்தான்.

முதலில் டீலர். "ஆர்டர் போட்டிருக்கு சார், வந்துடும்" என்ற பதிலுக்குப் பின்னால் மூன்று வேறு நிலைமைகள் இருக்கலாம். ஒன்று, பாகம் வேறொரு கிடங்கில் இருக்கிறது. அப்படியானால் வந்துவிடும். இரண்டு, பேக் ஆர்டர். அதாவது ஸ்டாக் இல்லை, அடுத்த முறை தயாரிக்கும்போது அனுப்புவார்கள். மூன்று, தயாரிப்பே நின்றுவிட்டது, கம்ப்யூட்டரில் நம்பர் மட்டும் உயிரோடு இருக்கிறது. இந்த மூன்றில் எது என்று வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். பேக் ஆர்டருக்குச் சொல்லும் தேதியை நம்பிக் காரைப் பிரித்துப் போடக் கூடாது. போதுமான ஆர்டர் சேர்ந்தால்தான் தொழிற்சாலை அந்தப் பாகத்துக்கு அச்சை மறுபடி ஏற்றும். அதுவரை தேதி தள்ளிக்கொண்டேதான் போகும். இரண்டு முறை தள்ளிப்போனால் வேறு வழி பார்ப்பது நல்லது.

டீலரிடம் உருப்படியாக வாங்க வேண்டியது தகவல். சேஸி நம்பரைக் கொடுத்தால் சரியான பார்ட் நம்பரும், அந்த நம்பர் பின்னாளில் வேறு நம்பராக மாறியிருந்தால் அதுவும் கிடைக்கும். நின்றுபோன பாகம் என்று நினைத்தது பல சமயம் புது நம்பரில் வேறு மாடலுக்காக விற்பனையில் இருக்கும். வருடத்தை மட்டும் சொல்லிக் கேட்டால் தப்பான பாகம் வரும். வருட நடுவில் பிரேக்கும் சென்சாரும் மாறிய கார்கள் ஏராளம். பிஎம்டபிள்யூவின் 11 இலக்க நம்பரில் முதல் இரண்டு இலக்கம் பிரிவைச் சொல்லும்: 11 என்றால் எஞ்சின், 34 என்றால் பிரேக். டொயோட்டாவில் முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகை, அடுத்த ஐந்து அதன் ரகம். முதல் ஐந்து ஒத்துப்போகிறது என்று வாங்கினால் பெயர் ஒன்றாக இருக்கும், துளை பொருந்தாது.

இதைவிட முக்கியமான நம்பர் பாகத்தின் உடம்பிலேயே இருக்கிறது. கார் கம்பெனிகள் ஆல்டர்னேட்டரையோ ஃப்யூல் இன்ஜெக்டரையோ பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. போஷ், டென்சோ, வேலியோ, லூகாஸ் என்று யாரோ செய்து கொடுத்ததுதான். அழுக்கைத் துடைத்தால் அவர்களுடைய நம்பர் தெரியும். போஷின் பத்து இலக்க நம்பர் 0 280 என்று தொடங்கினால் அது பெட்ரோல் இன்ஜெக்ஷன் சாமான். அந்த நம்பரில் தேடினால் அதே பாகம் வேறு கார் கம்பெனியின் டப்பாவில் இருப்பது தெரிந்துவிடும். மாதக்கணக்கில் நிற்கும் கார்கள் பல இந்த ஒரு தேடலில் கிளம்பியிருக்க வேண்டியவை.

பழைய ஸ்டாக்குக்கு வருவோம். பிரிக்காத டப்பா, மங்கிய லேபிள், "ஒரிஜினல்" என்ற வார்த்தை. பார்த்ததும் மனசு மயங்கும். உலோகப் பாகம் என்றால் தயங்காமல் எடுக்கலாம்: கியர், ஷாஃப்ட், பிராக்கெட், குரோம் பட்டை, விளக்குக் கண்ணாடி. ரப்பர் இருந்தால் கதை வேறு. வண்டியில் ஓடாவிட்டாலும் அலமாரியிலேயே ரப்பருக்கு வயதாகும். ரப்பரைச் சேமிப்பதற்கான ஐஎஸ்ஓ 2230 தரம், 25 டிகிரிக்குக் கீழே வெளிச்சம் படாமல் வைத்தாலும் இயற்கை ரப்பருக்கு 5 வருடம், நைட்ரைலுக்கு 7 வருடம், விட்டான் (Viton), சிலிக்கோன் ரப்பர் வகைக்கு 10 வருடம் என்றுதான் தொடக்கக் கணக்கு வைக்கிறது. முப்பது வருட ரப்பர் புஷ் டப்பாவில் புதிதாகத் தெரியும், மாட்டிக் கொஞ்ச நாளில் பிளந்துவிடும். வாங்கும் முன் விரலால் வளைத்து, வளைவின் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். மேலே படிந்திருக்கும் சாம்பல் நிறப் பூச்சைப் பார்த்து மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. ஓசோனிலிருந்து காக்க ரப்பரில் கலந்த மெழுகும் அப்படி வெளியே வரும்.

பழைய ஸ்டாக் டைமிங் பெல்ட்டை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. வாட்டர் பம்ப்பில் சீல் முகம் ஒட்டிப்போயிருக்கும், பேரிங் கிரீஸ் இறுகியிருக்கும். பெடலை மிதித்ததும் பிரேக் ஃப்ளூயிடைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் விதிவிலக்கு. உள்சுவர் வழவழப்பாக இருந்தால் உடலுக்காக வாங்கி, உள்ளே புது ரப்பர் கிட் போட்டுக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் பெட்டிகளுக்கும் "பிரிக்காதது" என்பது தகுதி ஆகாது. உள்ளிருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் சும்மா கிடந்தாலும் கெடும். பழைய கன்ட்ரோல் யூனிட்டைத் திறந்து, அதே மதிப்பில் 105 டிகிரி சூடு தாங்கும் ரகக் கெப்பாசிட்டர்களை மாற்றத் தெரிந்தவர் இருந்தால், இன்னொரு பழைய யூனிட் வாங்குவதைவிட அதுவே மேல்.

மாற்றுக் கம்பெனிப் பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் பேட், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் நல்ல பெயருள்ள கம்பெனி என்றால் காத்திருக்கவே தேவையில்லை. கதவு ரப்பரும் பாடி தகடும்தான் தொல்லை. கதவு ரப்பரின் குறுக்குவெட்டு ஒரு மில்லிமீட்டர் தடித்தாலும் கதவை அறைந்து சாத்த வேண்டியிருக்கும். முழு நீளம் வாங்கும் முன் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி மாட்டிப் பார்ப்பது உத்தமம். 3டி பிரின்டரில் செய்து தரும் கிளிப், கியர் வகைகளுக்கு ஒரே கேள்வி: என்ன பிளாஸ்டிக்? பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டுக்கு அது ஆகாது. நைலானில் செய்து தரச் சொல்ல வேண்டும்.

காயலான்கடை கண்ணாடிக்கும் கதவு கைப்பிடிக்கும் சீட் ரெயிலுக்கும் பிராக்கெட்டுக்கும் அருமையான இடம். பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், ஏர்பேக் மூன்றையும் அங்கே தொடக் கூடாது. மின்சாரப் பாகம் எடுக்கும்போது கனெக்டரோடு ஒரு சாண் வயரும் சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள். பழைய கனெக்டரின் பூட்டு உடைந்திருந்தால் அந்த வயர்தான் காப்பாற்றும். பாகத்தோடு அதன் போல்ட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் கிளம்ப விடாத மின்னணுக் காவல்) உள்ள காரின் எஞ்சின் கன்ட்ரோல் யூனிட்டைத் தனியாக வாங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவியும் அதன் ஜோடிப் பெட்டியும் கூடவே வர வேண்டும், அல்லது புதிதாகக் கோடிங் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும்.

இனி புதுப்பித்தல். பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரையே எடுத்துக்கொள்வோம். "இந்த மாடலுக்கு கேலிப்பர் வரவே வராது" என்பார்கள். வர வேண்டியது கேலிப்பர் இல்லை, அதற்குள் இருக்கும் சதுர சீலும் (சதுரக் குறுக்குவெட்டுள்ள ரப்பர் வளையம்), தூசி புகாமல் காக்கும் டஸ்ட் பூட் என்ற ரப்பர் உறையும். இவற்றுக்கு மாடல் பெயரைவிட கேலிப்பர் செய்த கம்பெனியும் பிஸ்டன் விட்டமும்தான் முக்கியம். வெர்னியர் வைத்து அளந்தால் 48, 54, 57 மி.மீ. மாதிரி ஒரு எண் வரும். அந்த எண்ணையும் ஏடிஇ, கெர்லிங் மாதிரி செய்தவர் பெயரையும் சொன்னால் கிட் கிடைத்துவிடும்.

பிஸ்டனை வெளியே எடுக்க எதிரில் மரக்கட்டை வைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுக்க வேண்டும். விரலைக் குறுக்கே வைத்தால் விரல் போய்விடும். கழுவுவதற்கு பிரேக் ஃப்ளூயிட் அல்லது ஸ்பிரிட் மட்டுமே. பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பட்டால் சீலின் இபிடிஎம் வகை ரப்பர் ஊதிவிடும். பலர் தவறவிடுவது சீல் உட்காரும் பள்ளத்தை. அங்கே அடியில் படிந்த துரு புது சீலை உள்நோக்கித் தள்ளும், பிஸ்டன் இறுகும். பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, அந்தச் சதுர சீல்தான். மிதிக்கும்போது அது சாய்ந்து கொடுக்கும், விட்டதும் நிமிரும், பிஸ்டன் கூடவே வரும். பள்ளத்தில் துரு இருந்தால் இந்த அசைவு கெட்டு, சக்கரம் பிடித்தபடியே ஓடும். கிட் போட்டும் சக்கரம் சூடாகிறது என்று குறை சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பிஸ்டனின் குரோம் குழி விழுந்திருந்தால் தேய்த்து மழுப்பக் கூடாது. லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதே அளவுக்கு வேறு கடைந்துகொள்ளலாம்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் இதே நியாயம். இரைச்சல் என்றால் பேரிங், சார்ஜ் குறைவு என்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் அல்லது ரெகுலேட்டர். பேரிங் எந்தக் காருக்கும் சொந்தமானதல்ல. 6203 என்று எழுதியிருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். 04 முதல் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும், 6205 என்றால் 25. இருபக்கமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையாகவும், சூட்டில் விரிய இடம் விடும் சி3 இடைவெளியாகவும் கேளுங்கள். ஆயில் சீலுக்கும் 35×50×8 என்று மூன்று அளவு போதும். சூடு அதிகமுள்ள எஞ்சின் கிராங்க் ஷாஃப்ட் முனைக்கு நைட்ரைலைவிட விட்டான் வாங்குவது நல்லது. ஷாஃப்ட்டில் சீல் தேய்த்த வரிப்பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புது சீலும் ஒழுகும். ஷாஃப்ட் தேட வேண்டாம், எஸ்கேஎஃப் ஸ்பீடி ஸ்லீவ் மாதிரி 0.28 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய உறையை மேலே ஏற்றினால், அதே அளவு சீல் பொருந்திவிடும்.

கிளட்ச் பிளேட்டுக்கும் பிரேக் ஷூவுக்கும் புது லைனிங் ஒட்டித் தருவார்கள். பித்தளை, செம்பு ரேடியேட்டருக்கு மேல் கீழ் டேங்கை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றித் தருவார்கள். இவை இரண்டும் முழு மதிப்பெண் பெறும் வேலைகள். கார்புரேட்டர் கிட்டுக்கு அரை மதிப்பெண்தான். கேஸ்கெட்டும் ஊசியும் மாறும், த்ராட்டில் ஷாஃப்ட் ஓடும் துளை தேய்ந்திருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து ஐட்லிங் சீராக நிற்கவே நிற்காது. துளைக்குப் புஷ் அடித்த பிறகுதான் கிட்.

பிரேக் பைப் செய்து தருபவரிடம் கொஞ்சம் விழிப்பாக இருங்கள். எம்10×1 நட்டும் 3/8 அங்குலம் 24 மரை நட்டும் பார்வைக்கு ஒன்றுதான். 9.5 மி.மீ. உள்ள அங்குல நட்டு 10 மி.மீ. துளைக்குள் தளர்வாக ஏறி, முடுக்கும்போது பிடித்த மாதிரி இருக்கும், அழுத்தம் வந்ததும் மரை உரிந்துவிடும். பழைய நட்டையே கொடுத்துப் பைப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஃப்யூல் ஹோஸிலும் இந்தக் குழப்பம் உண்டு. கார்புரேட்டர் காருக்கான, எஸ்ஏஇ தரத்தின் ஆர்7 வகையை இன்ஜெக்ஷன் காரில் போடக் கூடாது, அதற்கு ஆர்9. டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கு ஆர்10 மட்டுமே. மற்றவை வெளியிலிருந்தே ஊறி உப்பிவிடும்.

பாகம் வரும்வரை கார் எப்படி நிற்கிறது என்பதிலும் பணம் இருக்கிறது. பிரேக் லைனைத் திறந்தே விட்டால் மாஸ்டர் சிலிண்டர் காலியாகி உள்ளே ஈரம் ஏறும். ரப்பர் மூடி போட்டு, பெடலை ஓர் அங்குலம் அழுத்திக் குச்சியால் முட்டுக் கொடுத்தால் ரிசர்வாயரின் துளை அடைபட்டுச் சொட்டுவது நிற்கும். எஞ்சின் ஹெட் கழற்றியிருந்தால் சிலிண்டர் சுவருக்கு எண்ணெய் பூசி மூட வேண்டும். இன்லெட் துளைகளில் துணி திணிக்காதீர்கள், ஒரு துண்டு உள்ளே தங்கிவிடும். டேப் ஒட்டுங்கள். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள், அப்படியே கிடந்தால் சல்ஃபேட் படியும். கழற்றிய போல்ட்டை இடத்தின் பெயர் எழுதிய பையில் போட்டு வையுங்கள். பாகம் வந்து, போல்ட் தொலைந்து நிற்கும் கார் உண்டு.

கடைசியாகப் பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால் விலை குறையும் என்ற எக்ஸ்சேஞ்ச் திட்டம். பழையதுக்காகக் கட்டிய டெபாசிட் பணம் போனாலும் பரவாயில்லை, புதியது மாட்டி, ஓட்டிப் பார்க்கும்வரை பழையதைக் கொடுக்காதீர்கள். அனுப்பியது பொருந்தவில்லை என்றால் பழுது பார்க்கக்கூட எதுவும் கையில் இருக்காது. பார்சல் வந்ததும் பாகத்தின் உள் உறையைக் கிழிக்கும் முன் பழையதைப் பக்கத்தில் வைத்து துளை, மரை, கனெக்டர் பின் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரப் பாகங்களைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் பிரித்த பிறகு திரும்ப எடுப்பதில்லை.